இங்கிலாந்தில் நாயோடு வெளியே கிளம்புமுன்: கவுன்சில் ஆணையைப் படித்தவன் எழுதுவது

இங்கிலாந்தில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய ஆகிவிட்டன. கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் நச்சரித்து வாங்க வைத்தவைதான் பாதிக்கு மேல் இருக்கும் என்பது என் கணக்கு. எங்கள் வீட்டு பூந்தியும் அப்படி வந்தவள்தான், ஸ்பானியல் கலப்பு, காது மட்டும் தனி எடை. நாய் வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே: பார்க்கில் அவிழ்த்துவிடலாமா? இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எல்லாமே அவரவர் ஊருக்குச் சரியாக இருக்கும், உங்கள் ஊருக்குத் தப்பாக இருக்கும்.

ஏனென்றால் இதற்கு நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. 1987 வரை நாய்க்கு லைசென்ஸ் என்று ஒன்று இருந்ததாம், வெறும் 37 பென்ஸ், அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பொது இடத்தில் நாயை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்தந்த ஊரின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில்தான் தீர்மானிக்கிறது. அதற்கு அவர்கள் போடுவது பப்ளிக் ஸ்பேசஸ் புரொடெக்‌ஷன் ஆர்டர், சுருக்கமாக பிஎஸ்பிஓ. 2014ஆம் ஆண்டு வந்த சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் கீழ் கவுன்சிலுக்குக் கிடைத்த அதிகாரம் அது. அதற்கு முன் 2005 சட்டப்படி நாய்களுக்கென்றே தனி ஆணைகள் இருந்தன. அவையும் 2017 அக்டோபரில் பிஎஸ்பிஓவாக மாறிவிட்டன. இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டங்கள், அங்கே இருப்பவர்கள் இதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

பிஎஸ்பிஓவில் என்ன இருக்கும்? பெரும்பாலும் ஐந்தாறு விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கழிவை அள்ள வேண்டும். குறிப்பிட்ட இடங்களில் கயிறு கட்டாயம், சில இடங்களில், முக்கியமாக வேலி போட்ட குழந்தைகள் விளையாட்டுத் திடலில், நாய்க்கு அனுமதியே இல்லை. அதிகாரம் பெற்ற அலுவலர் 'கயிற்றைப் போடு' என்றால் உடனே போட வேண்டும். ஒரே ஆள் இத்தனை நாய்களுக்கு மேல் கூட்டிக்கொண்டு போகக்கூடாது; பல ஊர்களில் நான்கு, சில ஊர்களில் ஆறு. லண்டனில் ரிச்மண்ட் கவுன்சில் வைத்த நான்கு நாய் வரம்பை எதிர்த்து ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போனார், 2018இல் அந்த வரம்பு செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. மீறினால் 100 பவுண்ட் வரை அபராதச் சீட்டு. அதைக் கட்டாமல் விட்டு வழக்கானால் 1,000 பவுண்ட் வரை போகும். பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்களுக்கும் மற்ற உதவி நாய்களுக்கும் வழக்கமாக விலக்கு இருக்கும்.

எங்கள் ஊரில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கவுன்சில், அந்தப் பக்கம் இன்னொன்று. பாலத்தைத் தாண்டினால் விதி வேறு. நம்மூரில் வயலுக்கு வயல் வரப்பு மாறுகிற மாதிரி.

ஆணையை எங்கே தேடுவது என்பதில் நிறையப் பேர் இடறுகிறார்கள். பெரிய பகுதியைப் பார்க்கும் கவுன்டி கவுன்சிலும், அதற்குள் சிறு பகுதியைப் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலும் இரண்டும் இருக்கிற ஊரில் இந்த ஆணையைப் போடுவது டிஸ்ட்ரிக்ட். அந்த இணையதளத்தில் 'பிஎஸ்பிஓ டாக்' என்று தேடினால் ஒரு பிடிஎஃப் வரும். முதல் பக்கங்களில் சட்ட வாசகம் கண்ணைக் கட்டும், பொறுமையாகக் கடைசிக்குப் போங்கள், அங்கே அட்டவணைகளும் வரைபடங்களும் இருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது. எந்தப் பார்க், பார்க்கில் எந்தப் பகுதி, எந்த மாதம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எல்லாம் அதில்தான். சில ஆணைகளில் கயிற்றின் நீளம்கூட இருக்கும், நீண்டு சுருங்குகிற கயிறு வைத்திருப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். நான் எங்கள் பக்கத்துப் பார்க்கின் வரைபடத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வைத்திருக்கிறேன். வாய்ச்சண்டை வருகிற இடத்தில் அது பலமுறை உதவியிருக்கிறது.

இன்னொன்று, எல்லாப் பசுமையும் கவுன்சிலுடையது இல்லை. லண்டன் ரிச்மண்ட் பார்க், அரச பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் ராயல் பார்க்ஸ் என்ற தனி அமைப்பின் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே மான்கள் குட்டி போடுகிற மே முதல் ஜூலை வரையிலான காலத்தில் நாயைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும். 2011இல் அங்கே ஒரு நாய் மான் கூட்டத்தையே விரட்டிக்கொண்டு ஓட, பின்னாலேயே ஒருவர் அதன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடிய வீடியோவை இந்த நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. பூந்தி அணிலைப் பார்த்தாலே காது கேட்காதவள் ஆகிவிடுவாள், மான் கூட்டத்தின் முன்னால் அவளை அவிழ்த்துவிடுகிற தைரியம் எனக்கில்லை.

அபராதச் சீட்டு வந்தால் என்ன செய்வது? வேறொரு ஊரில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோடு போட்ட கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார். சீருடையில் ஒருவர் வந்து பெயர், முகவரி வாங்கிக்கொண்டு 100 பவுண்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நண்பர் நியாயமாக நடந்துகொண்டார், வாக்குவாதம் செய்யவில்லை. செய்தும் பயனில்லை, அந்த இடத்திலேயே ரத்து செய்கிற வழக்கம் கிடையாது. 14 நாளுக்குள் பணத்தைக் கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது, குற்றப் பதிவு வராது. ஆனால் அவர் அன்றைக்கே திரும்பிப் போய் தான் நுழைந்த பின்வாசலைப் படம் எடுத்தார். பலகை முன்வாசலில் மட்டும்தான் இருந்தது, பின்வாசலில் ஒன்றுமே இல்லை. ஆணை போட்ட இடத்தில் மக்கள் கவனத்துக்கு வரும்படி பலகை வைக்க வேண்டிய கடமை கவுன்சிலுக்கு உண்டு. தேதி, நேரம், எந்த வாசல், படம் இவற்றோடு நாலு வரி எழுதி அனுப்பினார். சீட்டு ரத்தானது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சீட்டுக்கு முறையான மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது. எழுதிக் கேட்கலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் பணம் கட்ட வேண்டும் அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆகவே எழுதுவதை முதல் இரண்டு மூன்று நாளிலேயே எழுதிவிடுங்கள், 14 நாள் ஓடுவது தெரியாது.

கழிவு விஷயத்தில் சாக்குக்கே இடமில்லை. 'நாய் போனதை நான் பார்க்கவில்லை', 'பை கொண்டுவர மறந்துவிட்டேன்' இரண்டையும் ஏற்கமாட்டோம் என்று ஆணையிலேயே எழுதியிருக்கும். சில கவுன்சில்களில் ஒரு படி மேலே போய், அலுவலர் கேட்டால் பையை எடுத்துக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அதற்கே சீட்டு. இது அருவருப்பு மட்டும் சார்ந்த விஷயம் இல்லை. நாய்க் கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோகாரா என்ற உருளைப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அது குழந்தைகள் வாய்க்குள் போனால் அரிதாகக் கண் பார்வையே பாதிக்கப்படலாம். உடனே அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் போய்விடும், முட்டை தொற்றும் நிலைக்கு வரவே சில வாரங்கள் ஆகும்.

நடைமுறைச் சிரமம் வேறு. இலையுதிர் காலத்தில் பழுப்பு இலைக் குவியலுக்கு நடுவே எங்கே போனாள் என்று கண்டுபிடிப்பது தனி வித்தை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஒரு கையில் கயிறு, ஒரு கையில் பை, போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து நிற்பேன். தலையில் கட்டுகிற டார்ச் ஒன்று வாங்குங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். அள்ளிய பையைச் சாதாரண பொதுக் குப்பைத்தொட்டியிலேயே போடலாம், நாய்க்கென்று தனித் தொட்டி தேடி அலைய வேண்டியதில்லை. அள்ளிக் கட்டி, அந்தப் பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனதில் என்னதான் ஓடுகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கோடையில் அம்மா தென்காசியிலிருந்து வந்திருந்தார்கள். முதல் வாரம் முழுக்க "ஏலே, இது கடிக்காதுல்லா?" என்று கேட்டுக்கொண்டே சோபாவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தவர்கள், மாத முடிவில் பூந்தியைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் ஆணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் 'நாயின் உரிமையாளர்' என்று இல்லை, 'அப்போது நாயைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்' என்று இருக்கிறது. அதாவது சீட்டு எழுதினால் அம்மா பெயரில்தான் எழுதுவார்கள், என் பெயரில் இல்லை. விசாவில் வந்த பெரியவர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறி, எதிரே சீருடை. யோசித்துப் பார்க்கவே சரிப்படவில்லை. வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து, போகக்கூடாத இடத்தில் சிவப்புக் கோடு, கயிறு கட்டாயமான இடத்தில் மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை என்று வரைந்து கொடுத்தேன். அம்மா பச்சையிலும் அவிழ்க்கவில்லை. எதுக்கு வம்பு என்று விட்டார்கள். வீட்டில் பெற்றோரோ, பதின்வயதுப் பிள்ளைகளோ, காசு வாங்கிக்கொண்டு நாயை நடைக்குக் கூட்டிப்போகிற ஆளோ யார் கூட்டிக்கொண்டு போனாலும் இதுதான் நிலை, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது நாய் இல்லாதவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு. ஊரில் தெருநாய்க்குப் பயந்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு நாய் பாய்ந்து வந்தால் உடம்பு தானாகச் சுருங்கிவிடும். எதிரே வருகிறவர் சிரித்துக்கொண்டே 'அவன் ரொம்ப ஃப்ரெண்ட்லி' என்பார். நாமும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்போம். வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் மாதிரியான தடை செய்யப்பட்ட இனங்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் மூன்றாவது பிரிவு எல்லா நாய்க்கும் பொருந்தும், சிவாவா என்ற குட்டி நாய்க்கும்கூட. கடித்திருக்க வேண்டும் என்றில்லை, கடித்துவிடுமோ என்று ஒருவர் நியாயமாகப் பயப்படும்படி நாய் நடந்துகொண்டாலே அது ஆபத்தான முறையில் கட்டுப்பாட்டை மீறிய நாய் என்றாகிவிடும். 2014க்குப் பிறகு இது தனியார் இடத்துக்கும் செல்லும். காயம் ஏற்பட்டால் உரிமையாளருக்கு ஐந்து வருடம் வரை சிறை, உயிர் போனால் 14 வருடம் வரை. எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய உடல்கொண்ட நாய் வகை என்றால் இன்னும் கடுமை: 2023 டிசம்பர் 31 முதல் வெளியே வந்தால் கயிறும் வாய்க்கூடும் கட்டாயம், 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

அதற்காக ஒவ்வொரு குரைப்புக்கும் போலீஸைக் கூப்பிடச் சொல்லவில்லை. நின்று, நாயை நேராக முறைக்காமல், கையை உடம்போடு வைத்துக்கொண்டு, 'கயிற்றைப் போடுங்கள், எனக்குப் பயம்' என்று உரக்க, தெளிவாகச் சொன்னால் பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள். ஓடாதீர்கள், ஓடினால் நாய்க்கு அது விளையாட்டு. ஒரே நாய் திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தால் இடம், நேரம், நாயின் நிறம் எல்லாம் குறித்துக் நாய்ப் புகார்களைக் கவனிக்கும் கவுன்சில் அலுவலரான டாக் வார்டனுக்கு அனுப்புங்கள். கடித்துவிட்டது அல்லது கடிக்கிற நிலை என்றால் அவசர எண் 999. அவசரம் இல்லாத புகாருக்குப் போலீஸின் 101. நாய் வைத்திருப்பவனாக ஒன்றைச் சொல்கிறேன், கயிற்றைப் போடச் சொல்லி நம்மிடம் கேட்கும் எல்லாருக்கும் அதைக் கட்டளையாகச் சொல்ல அதிகாரம் கிடையாது, அது அலுவலருக்குத்தான். ஆனாலும் யார் கேட்டாலும் போட்டுவிடுவேன். குறைந்துபோவது ஒன்றுமில்லை.

நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் சட்டப்படி 2016 ஏப்ரல் 6 முதல் கட்டாயம். சிப் மட்டும் போதாது, வீடு மாறும்போதெல்லாம் பதிவில் முகவரியை மாற்ற வேண்டும்; வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு இதுதான் மறந்துபோகும். அதற்கு மேல் கழுத்துப்பட்டையில் உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. போன் எண் கட்டாயமில்லை, ஆனால் நாய் தொலைந்தால் உதவப்போவது அதுதான். தீபாவளியும் நவம்பர் 5 பான்ஃபயர் நைட்டும் அடுத்தடுத்து வருவதால் அந்த வாரங்களில் பட்டாசுக்கு மிரண்டு ஓடுகிற நாய்கள் அதிகம், இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிடுங்கள். ஓடிவிட்டால் முதல் போன் கவுன்சிலுக்கு. தெருவில் தனியாகத் திரியும் நாயைப் பிடித்து வைப்பது அவர்கள் பொறுப்பு. ஏழு நாள் வைத்திருப்பார்கள், அதற்குள் வராவிட்டால் வேறு யாருக்கோ போய்விடலாம். மீட்கக் கட்டணமும் தங்கவைத்த செலவும் உண்டு.

கடற்கரைக்குப் போகிறவர்கள் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை என்ற தேதிகளை மனதில் வையுங்கள், பல கடலோர கவுன்சில்கள் அந்த மாதங்களில் கடற்கரையின் சில பகுதிகளில் நாயைத் தடுக்கின்றன. ஒரே கடற்கரையில் நூறு அடி தள்ளி அனுமதி இருக்கும், பலகையைப் பாருங்கள். கிராமப்புறத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிறு, ஆடு மாடு பக்கத்தில் இருந்தால் எல்லாக் காலத்திலும். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். அது விரட்டுவது நாயை, நாய் தப்பித்துவிடும், நாம் தப்ப மாட்டோம்.

இனி எனக்கு முக்கியமாகப் பட்டது. பிஎஸ்பிஓவின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருடம். நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடி கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். போன முறை எங்கள் கவுன்சில் ஒரு வரைவு போட்டது: ஊரிலுள்ள எல்லாப் பார்க்கிலும், எல்லா நேரமும், கயிறு கட்டாயம். நாய்க்காரர்கள் கொதித்தார்கள். குழந்தை வைத்திருப்பவர்கள் நிம்மதி என்றார்கள். எங்கள் தமிழ்ச்சங்க வாட்ஸ்அப் குழுவில் மட்டும் மூன்று நாள் சண்டை, நான் பார்த்ததிலேயே நீளமானது. சரி, இவ்வளவு பேசுகிறீர்களே, கருத்துக்கேட்புப் படிவத்தை நிரப்பினீர்களா என்று கேட்டேன். ஒருவர் நிரப்பியிருந்தார்.

இதுதான் என் ஆதங்கம். நாய்க்குப் பயப்படுகிறவர்கள் நம்மில் இவ்வளவு பேர் இருந்தும் அந்தப் பயம் கவுன்சிலின் காகிதத்தில் எங்கேயும் பதிவாகவில்லை. நாய் வைத்திருக்கிற நம்மவர்களும் பதில் சொல்லவில்லை. அந்தப் படிவம் பத்து நிமிட வேலை. ஆணை மேலே இருந்து வந்து விழுவதாக நினைக்கிறோம், உண்மையில் அது யார் எழுதி அனுப்பினார்களோ அவர்கள் சொன்னபடி கோடு நகர்கிற விஷயம். சட்டம் என்ன சொல்கிறது என்றால், அந்த இடத்து மக்கள் வாழ்க்கையைக் கெடுக்கிற, தொடர்ந்து நடக்கிற, நியாயமற்ற ஒரு செயல் இருக்க வேண்டும். விதி அதைத் தடுக்கும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். நாயை ஓடவிட நியாயமான இடம் வேண்டும் என்பதையும் கவுன்சில் யோசிக்க வேண்டும், விலங்கு நலச் சட்டம் 2006 நாயின் தேவைகளைக் கவனிக்கும் கடமையை உரிமையாளர் மேல் வைக்கிறதே.

எனவே 'எங்களுக்கு நாய் என்றால் உயிர்' என்றோ 'நாய்களையே ஒழியுங்கள்' என்றோ எழுதுவதால் ஒன்றும் ஆகாது. நான் எழுதியது இவ்வளவுதான்: விளையாட்டுத் திடலுக்கும் கார் பார்க்கிங்குக்கும் நடுவே உள்ள பாதையில்தான் குழந்தைகளும் நாய்களும் முட்டிக்கொள்கின்றன, அங்கே கயிறு கட்டாயமாக இருக்கட்டும், பின்பக்கம் இருக்கும் சரிவில் காலை நேரத்தில் நாய்க்காரர்களைத் தவிர யாரும் வருவதில்லை, அதை விட்டுவிடுங்கள், கல்லறைத் தோட்டத்தில் கயிறு வேண்டும், அங்கே நாய் ஓடித்திரிவது சிலருக்கு எவ்வளவு மனவருத்தம் என்று பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் அந்த இடங்களைக் குறித்து இணைத்தேன். நாய் இல்லாத பக்கத்து வீட்டு அக்காவையும் உட்காரவைத்து, அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே நிரப்பவைத்தேன். அவர்கள் எழுதியது எனக்கு எதிரானது, சரிவிலும் கயிறு வேண்டும் என்றார்கள். இருக்கட்டும். அப்புறம் எங்கள் வார்டு கவுன்சிலர் மாதாமாதம் நூலகத்தில் மக்களைச் சந்திக்கிற நாளில் போய் நேரிலும் பேசினேன்.

இறுதி ஆணையில் 'எல்லாப் பார்க்கிலும்' போய்விட்டது. பாதையிலும் கல்லறைத் தோட்டத்திலும் கயிறு, ஆட்டம் நடக்கும்போது மைதானத்தைச் சுற்றிக் கயிறு, மற்ற இடத்தில் அலுவலர் சொன்னால் கயிறு. சரிவு காலை பத்து மணி வரை திறந்திருக்கிறது, அதற்குப் பிறகு அக்கா கேட்டபடி. நான் எழுதியதால்தான் இப்படி ஆனது என்று சொல்ல மாட்டேன். ஆணையே அதிகார எல்லையை மீறியது என்று நினைத்தால் வெளியான ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வழி உண்டு. ஆனால் அதற்கு ஆகிற செலவை நினைத்தால் பத்து நிமிடப் படிவம் மலிவு.

அடுத்த புதுப்பிப்பில் எங்கள் பார்க்கின் பின்வாசலுக்கு ஒரு விளக்கும் ஒரு குப்பைத்தொட்டியும் கேட்கலாம் என்றிருந்தேன். அது ஆணைக்குள் வராது, பட்ஜெட் கருத்துக்கேட்பு தனியாக வரும், அங்கே கேளுங்கள் என்று கவுன்சிலர் சொல்லிவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போடுகிறேன், இந்த முறையாவது நிரப்புங்கள்.